உங்கள் டாக்ஸ் கோட் சரியா? பிரிட்டனில் முதல் சம்பளம் வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு இந்த நாட்டில் முதல் சம்பளம் வந்தது ஒரு நவம்பர் 28ஆம் தேதி. மாதம் 2,500 பவுண்டு என்று பேச்சு. அறை வாடகை, ரயில் பாஸ், ஊருக்கு அனுப்ப வேண்டியது என்று எல்லாவற்றுக்கும் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வங்கிக் கணக்கில் விழுந்தது 1,884 பவுண்டு. சம்பளச் சீட்டைத் திறந்தால் 500 பவுண்டு வருமான வரி, 116 பவுண்டு நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற அரசுக் காப்பீட்டுப் பிடித்தம். வெளிநாடு என்றால் வரி இப்படித்தான் இருக்கும்போல என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பக்கத்து மேசையில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். இருபது வருடமாக இங்கே இருப்பவர். மதியச் சாப்பாட்டின்போது சீட்டை வாங்கிப் பார்த்தார். "தம்பி, உமக்கு இந்த வருசம் வரியே வராது. கோட் பிழையாக் கிடக்கு" என்றார். சீட்டின் மேல் மூலையில் '0டீ எம்1' என்று சின்னதாக அச்சடித்திருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். நான் அதை ஏதோ பிரிவு எண் என்று நினைத்திருந்தேன்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஏன் சரி என்று புரிந்துகொண்டால் உங்கள் கோடையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பெரிய கணக்கெல்லாம் இல்லை.

முதலில் கோட் என்றால் என்ன

இங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி தொடங்கி அடுத்த ஏப்ரல் 5ல் முடிகிறது. (இந்தியாவிலும் இலங்கையிலும் ஏப்ரல் 1. இவர்கள் 1752ல் நாட்காட்டியிலிருந்து 11 நாட்களை வெட்டியதன் எச்சம் இந்த விநோதத் தேதி.) அந்த ஓராண்டில் நீங்கள் சம்பாதிப்பதில் முதல் 12,570 பவுண்டுக்கு வருமான வரி கிடையாது. இதைப் பர்சனல் அலவன்ஸ் என்பார்கள். 2021 ஏப்ரலில் வைத்த தொகை, இன்னும் மாறவில்லை. அதற்கு மேல் 50,270 வரை 20 சதவீதம், 1,25,140 வரை 40, அதற்கும் மேலே 45.

12,570ல் கடைசி பூஜ்யத்தை எடுத்துவிட்டு எல் என்ற எழுத்தைச் சேர்த்தால் 1257எல். இங்கே பெரும்பாலானவர்களின் கோட் இதுதான். திருப்பிப் படிக்க வேண்டுமென்றால், கோடில் உள்ள எண்ணோடு ஒரு பூஜ்யத்தைச் சேருங்கள். அதுதான் உங்களுக்கு வரியில்லாமல் விடப்பட்டிருக்கும் தொகை. எழுத்து, அது எந்த வகைக் கோட் என்று சொல்லும்.

இந்தக் கோடை முடிவு செய்வது ஹெச்எம்ஆர்சி என்கிற வரித்துறை. உங்கள் கம்பெனி அதை அப்படியே கணினியில் போட்டு வரி பிடிக்கிறது. துறைக்கு உங்களைப் பற்றி என்ன தெரியுமோ அதை வைத்துத்தான் கோட் வரும். புதிதாக வந்தவரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் எந்த மாதம் வந்தீர்கள், வேறு வேலை உண்டா என்பதையெல்லாம் யாராவது சொன்னால்தான் உண்டு. அதனால் புதியவர்களின் கோடை நான் எப்போதும் ஓர் ஊகமாகத்தான் பார்ப்பேன். சரிபார்க்க வேண்டியது நாம்தான்.

இன்னொரு சங்கதி முக்கியம். 12,570ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,047.50 பவுண்டு. சாதாரண 1257எல் கோடில் இந்தத் தொகை ஏப்ரலிலிருந்து மாதாமாதம் உங்கள் பெயரில் சேர்ந்துகொண்டே வரும். நீங்கள் வேலையில் சேர்ந்தது நவம்பர் என்றாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான பங்கும் உங்களுக்கு உண்டு. இங்கே வசிப்பவர் என்று கணக்கில் வந்துவிட்டால், ஆண்டின் நடுவில் வந்திறங்கினாலும் முழு 12,570ம் உங்களுக்குத்தான். நிறையப் பேர் நம்ப மறுக்கும் இடம் இது.

என் கணக்கையே பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து சம்பளம், 12,500 பவுண்டு. வரம்பு 12,570. வரி பூஜ்யம். அண்ணன் சாப்பாட்டு மேசையில் ஒரு நொடியில் போட்ட கணக்கு இதுதான்.

கோடின் பின்னால் எம்1, டபிள்யூ1, எக்ஸ் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் கதை மாறிவிடும். அது அவசரக் கோட். ரேஷன் கடைக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்: போன மாதம் வாங்காத அரிசியை இந்த மாதம் கேட்க முடியாது. அந்தந்த மாதத்துக்கு (வாரச் சம்பளம் என்றால் அந்தந்த வாரத்துக்கு) உள்ள பங்கு மட்டும்தான். என் சம்பளத்துக்கு 1257எல் எம்1 என்று இருந்திருந்தால் மாதம் 290.50 பவுண்டு போயிருக்கும், ஐந்து மாதத்தில் 1,452.50. எனக்கு வந்ததோ அதைவிட மோசமான 0டீ எம்1. அதில் வரியில்லாத் தொகையே கிடையாது, முதல் பவுண்டிலிருந்தே வரி. வேலையில் சேரும்போது தர வேண்டிய படிவம் உரிய நேரத்தில் போய்ச் சேராவிட்டால் கம்பெனிகள் போட வேண்டிய கோட் இதுதான். அந்தப் படிவம் என் பையிலேயே இருந்தது. விசா, வங்கிக் கணக்கு, அறை என்று அலைந்த வாரத்தில் மறந்தே போயிற்று.

சேரும் நாளிலேயே செய்ய வேண்டியது

முன்பு இங்கே வேலை பார்த்திருந்தால் பழைய கம்பெனி கொடுத்த பி45 இருக்கும், அதைக் கொடுங்கள். முதல் வேலை என்றால் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற படிவம். அதில் நீங்கள் தரும் பதிலைப் பொறுத்து ஏ, பி, சி என்று மூன்றில் ஒன்றில் விழுவீர்கள். ஏ என்றால் இந்த வரி ஆண்டில் இதுதான் முதல் வேலை: 1257எல் வரும். பி என்றால் ஏப்ரல் 6க்குப் பிறகு வேறு வேலை இருந்து முடிந்துவிட்டது, ஆனால் பி45 கையில் இல்லை: 1257எல், கூடவே எம்1 அல்லது டபிள்யூ1. சி என்றால் இன்னொரு வேலையோ பென்ஷனோ இப்போதும் உண்டு: பிஆர் வரும், அதாவது மொத்தத்துக்கும் 20 சதவீதம். ஹெச்ஆர் அனுப்பும் இணைப்பில் அவசரமாக எதையோ தட்டிவிட்டு அப்புறம் வருந்துபவர்கள் அதிகம். இந்த ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் இன்னும் வரவில்லையா? வேலை செய்ய உங்களுக்கு அனுமதி இருந்தால் எண் இல்லாமலே வேலையைத் தொடங்கலாம். விண்ணப்பித்துவிட்டு, வந்ததும் கம்பெனிக்குச் சொல்லுங்கள். அந்த எண்தான் வரித்துறையில் உங்கள் சாவி, தள்ளிப்போடாதீர்கள்.

சம்பளச் சீட்டை வாசிப்பது

சீட்டு வந்ததும் அடியில் இருக்கும் கைக்கு வரும் தொகையைத்தான் எல்லோரும் பார்ப்போம். மேலே பாருங்கள். உங்கள் பெயர், நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், டாக்ஸ் கோட், டாக்ஸ் பீரியட் எல்லாம் ஒரே வரிசையிலோ பக்கத்திலோ இருக்கும். பீரியட் 8 என்றால் ஏப்ரலிலிருந்து எட்டாவது மாதம். நேஷனல் இன்ஷூரன்ஸுக்கும் ஏ என்றோ வேறு என்னவோ ஒரு தனி எழுத்து இருக்கும். அதை டாக்ஸ் கோட் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு பிடித்தம், மாதம் 1,048 பவுண்டுக்கு மேல் உள்ளதற்கு 8 சதவீதம் என்று அந்தந்த மாதமே முடிந்துவிடும். டாக்ஸ் கோட் சரியானாலும் அது திரும்பி வராது.

கோடில் பார்க்கக்கூடிய எழுத்துகள் வருமாறு. ஒரு எச்சரிக்கை: ஆங்கிலத்தில் வேறு வேறான இரண்டு எழுத்துகள் தமிழில் எழுதினால் ஒரே 'டி' ஆகிவிடுகின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் டீக்கடை டீயை நெடிலாகவும், டேவிட்டின் முதலெழுத்தைக் குறிலாகவும் எழுதுகிறேன்.

எல்: வழக்கமான முழுத் தொகை. பிஆர்: எல்லாவற்றுக்கும் 20 சதவீதம். டி0: எல்லாவற்றுக்கும் 40. டி1: 45. இந்த மூன்றும் பெரும்பாலும் இரண்டாவது வேலைக்கு வருபவை. ஒரே வேலை பார்ப்பவருக்கு பிஆர் வந்தால் அனேகமாகத் தவறு. 0டீ: வரியில்லாத் தொகை ஏதுமில்லை. எண்ணுக்கு முன்னால் எஸ் இருந்தால் ஸ்காட்லாந்து வரி விகிதம், சி இருந்தால் வேல்ஸ். இது நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தது, அலுவலகம் இருக்கும் இடத்தை அல்ல. கிளாஸ்கோவில் படித்துவிட்டு லண்டனுக்கு வேலைக்கு வருபவர்கள் முகவரியை மாற்றாமல் விட்டால் எஸ் கூடவே வரும். முன்னால் கே இருந்தால் அந்தத் தொகை வரிக்கான வருமானத்திலிருந்து கழிவதற்குப் பதில் அதோடு கூடுகிறது என்று பொருள், கம்பெனி கார் வைத்திருப்பவர்களுக்கும் பழைய பாக்கி உள்ளவர்களுக்கும் வரும். எம், என் இரண்டும் கல்யாணமானவர்களுக்கு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கைத் திறந்து பார்ப்பது

அரசு இணையதளத்தில் பர்சனல் டாக்ஸ் அக்கவுண்ட் ஒன்றைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஹெச்எம்ஆர்சியின் செயலியைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணும், நீங்கள்தான் நீங்கள் என்று காட்ட பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு போன்றவையும் கேட்கும். முதல் சம்பளம் வருவதற்கு முன் திறந்தால் உங்கள் வேலை அதில் தெரியாது. கம்பெனி ஒவ்வொரு சம்பள நாளிலும் அல்லது அதற்கு முன்பும் விவரம் அனுப்புகிறது, அது போன பிறகுதான் தெரியும்.

உள்ளே போனதும் நடப்பு ஆண்டின் வருமான வரிப் பகுதியைத் திறங்கள். கோட் எப்படி வந்தது என்று கூட்டல் கழித்தல் கணக்காக அங்கே இருக்கும். நான் வரிசையாகப் பார்ப்பது நான்கு. முதலில் வேலைகள்: நான் விட்டுவிட்ட வேலை இன்னும் நடப்பதாகக் காட்டுகிறதா? இரண்டாவது, இந்த ஆண்டு எவ்வளவு சம்பாதிப்பேன் என்று அவர்கள் போட்டிருக்கும் மதிப்பீடு. நவம்பரில் சேர்ந்தவருக்கு முழு ஆண்டுச் சம்பளம் 30,000 என்று போட்டிருந்தால் திருத்துங்கள், அங்கேயே திருத்த வழி உண்டு. மூன்றாவது, கம்பெனி தரும் சலுகைகள். ஆண்டுக்கு 600 பவுண்டு மதிப்புள்ள தனியார் மருத்துவக் காப்பீடு கொடுத்தால் அது உங்கள் தொகையில் கழிந்து 1197எல் ஆகும், இது தவறல்ல. ஆனால் அந்தக் கம்பெனியை விட்டு வந்து ஆறு மாதமாகியும் அந்தக் கழிவு அப்படியே நின்றால் தவறு. நான்காவது முகவரி. புதியவர்கள் ஒரு வருடத்தில் மூன்று அறை மாறுவோம். வரித்துறையின் பழுப்பு உறை நாம் காலி செய்த முதல் அறைக்கே போய்க்கொண்டிருக்கும். அந்த உறையில் வரும் பி2 என்ற கடிதம்தான் உங்கள் கோடின் கணக்கு. எனக்குத் தெரிந்து அதைப் பிரித்துப் பார்க்காமல் சமையலறை அலமாரியில் சேர்த்து வைப்பவர்கள் ஏராளம்.

இரண்டு வேலை பார்ப்பவர்களுக்கு

மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நிஜமாகவே பணம் நழுவும் இடம் இது.

ஒரு பெண் கடையில் மாதம் 600 பவுண்டும் உணவகத்தில் 600 பவுண்டும் சம்பாதிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14,400. நியாயமான வரி 12,570 போக மீதி 1,830க்கு 20 சதவீதம், அதாவது 366 பவுண்டு. ஆனால் வழக்கப்படி கடைக்கு 1257எல், உணவகத்துக்கு பிஆர். கடையில் வரி இல்லை. உணவகத்தில் மாதம் 120 வீதம் ஆண்டுக்கு 1,440. கடைக் கணக்கில் ஐயாயிரத்துச் சொச்சம் வரியில்லாத் தொகை பயன்படாமல் கிடக்க, இந்தப் பக்கம் 1,074 பவுண்டு கூடுதலாகப் போகிறது. இங்கே இரண்டு கோடுமே விதிப்படி சரியானவைதான். சம்பளப் பிரிவில் கேட்டால் தப்பே இல்லை என்பார்கள். வரித்துறையிடம் தொகையைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்: கடைக்கு 720எல், உணவகத்துக்கு 537எல் என்பதுபோல. கேட்டால் செய்வார்கள். கேட்காமல் யாரும் செய்து தர மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிர் ஆபத்தும் உண்டு. இரண்டாவது வேலையில் சேரும்போது "இதுதான் முதல் வேலை" என்று எழுதிவிட்டால் இரண்டு இடத்திலும் 1257எல் ஓடும். கை நிறையச் சம்பளம் வரும், சந்தோஷமாக இருக்கும். இரண்டிலும் மாதம் 1,500 என்றால் ஆண்டு முடிவில் 2,514 பவுண்டு பாக்கி நிற்கும். 3,000 பவுண்டுக்குக் குறைவான பாக்கியை அடுத்த ஆண்டுக் கோடைக் குறைத்து வசூலித்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கில் அடுத்த ஆண்டு வரியில்லாத் தொகை முழுவதுமே கரைந்துவிடும். கோட் உங்களுக்குச் சாதகமாகத் தவறியிருந்தாலும் சீக்கிரம் சொல்லிவிடுவது நல்லது.

கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் சம்பாதித்தால்

நம் ஆட்களில் நிறையப் பேர் இந்த நிலையில்தான் வந்திறங்குகிறோம், நிறையப் பேர் இதை விட்டும்விடுகிறோம். வீட்டில் இருப்பவர் தன் வரியில்லாத் தொகையிலிருந்து 1,260 பவுண்டைத் துணைக்கு மாற்றிக் கொடுக்கலாம். வாங்குபவர் 20 சதவீத வரிக்குள் இருக்க வேண்டும். அவர் கோட் 1383எம் ஆகும், கொடுத்தவருடையது 1131என். ஆண்டுக்கு 252 பவுண்டு வரை மிச்சம். விண்ணப்பிக்க வேண்டியவர் சம்பாதிக்காதவர் அல்லது குறைவாகச் சம்பாதிப்பவர். இருவரின் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணும் கேட்பார்கள். தகுதி இருந்தால் நான்கு ஆண்டு வரை பின்னோக்கியும் கேட்கலாம். ஒரு முறை விண்ணப்பித்தால் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் வீட்டில் இருப்பவர் வேலைக்குப் போய் 12,570ஐத் தாண்டினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

செவிலியராக இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சீருடையை நீங்களே துவைத்துக்கொள்வதற்கு ஆண்டுக்கு 125 பவுண்டும், பதிவுக் கட்டணமும் வரியில்லாத் தொகையோடு கூட்டிக்கொள்ளலாம். தானாகச் சேராது, விண்ணப்பிக்க வேண்டும்.

தவறு என்று தெரிந்தால்

முதலில் கம்பெனியின் சம்பளப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படிவம் அவர்களிடம் தேங்கியிருக்கலாம். மற்றபடி அவர்களாகக் கோடை மாற்ற முடியாது, வரித்துறை அனுப்ப வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு நாள் சம்பளப் பிரிவு அம்மாவைத் தொந்தரவு செய்தேன்.

இணையக் கணக்கில் திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். அதில் முடியாவிட்டால் 0300 200 3300. திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டு மணிக்குத் திறக்கும், எட்டுக்கே அழைப்பது புத்திசாலித்தனம். எடுத்ததும் ஒரு இயந்திரம் எதற்காக அழைக்கிறீர்கள் என்று கேட்கும், "டாக்ஸ் கோட்" என்று இரண்டே வார்த்தை சொல்லுங்கள். கதை சொன்னால் அதற்குப் புரியாது. ஆள் வந்ததும் பெயர், பிறந்த தேதி, முகவரி, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் கேட்பார்கள். சம்பளச் சீட்டைக் கையில் வைத்திருங்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: எந்தத் தேதியில் இந்த நாட்டுக்கு வந்தேன், எந்தத் தேதியில் வேலையில் சேர்ந்தேன், இதுதான் என் ஒரே வேலை, சீட்டில் இன்ன கோட் இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறினால் நண்பரையோ உறவினரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம். பேசி முடித்ததும் தேதியையும் பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் ஒப்புக்கொண்டால் புதிய கோட் உங்கள் கம்பெனிக்கே நேராகப் போகும். சம்பளப் பட்டியல் அந்த மாதம் முடிந்துவிட்டிருந்தால் அடுத்த மாதம்தான் பலன் தெரியும். வரி ஆண்டு முடிவதற்குள் சரிசெய்தால் கூடுதலாகப் போன பணம் சம்பளத்தோடே வந்துவிடும். ஆண்டு முடிந்துவிட்டாலும் பணம் எங்கும் போகாது. மே 31க்குள் கம்பெனி பி60 என்ற சான்று தர வேண்டும், அதைப் பத்திரமாக வையுங்கள். ஜூன் மாதத்திலிருந்து பி800 என்ற கணக்குக் கடிதம் வரத் தொடங்கும், அதைக் கொண்டு திருப்பிக் கேட்கலாம். அந்த வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுக்குள் கேட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் யாருக்கும் கமிஷன் கொடுக்காதீர்கள். உங்கள் பணத்தை வாங்கித் தருகிறோம் என்று கிளம்பி அதில் பெரிய பங்கை வெட்டிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. மேலே சொன்னதைத்தான் அவர்களும் செய்கிறார்கள். "உங்களுக்கு வரி ரீஃபண்ட் வந்திருக்கிறது, இங்கே அழுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அது மோசடி, வரித்துறை அப்படி அனுப்பாது. அழுத்தாமல் 60599க்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். தொலைபேசியில் பேசியது டிசம்பர் முதல் வாரம். அந்த மாதச் சீட்டில் கோட் 1257எல் என்று மாறியிருந்தது, எம்1 போய்விட்டிருந்தது. வரி என்ற இடத்தில் 500க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. கைக்கு வந்தது 2,884 பவுண்டு. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றிலும் வரி இல்லை.

அப்புறம் ஏப்ரல் சம்பளம் வந்தது, 290 பவுண்டு வரி. மறுபடியும் கோட் போச்சு என்று சீட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் ஓடினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். "இது சரியான கணக்கு தம்பி. புது வருசம் தொடங்கீட்டுது" என்று சொல்லிவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.